தூரிகையோடு இன்னொரு தொழில்: எது சோறு போடும், எது நேரத்தைத் தின்னும்?

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் அவன் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தான். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் நாலு வருடம் ஓவியம் படித்து முடித்தவன். கையில் மூன்று வாய்ப்புகள்: கோடம்பாக்கத்தில் ஒரு கலை இயக்குநரிடம் உதவியாள் வேலை, ஊரிலேயே ஒரு தறிக்காரருக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் வேலை, தனியார் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டர் வேலை. பையனுக்கோ மூன்றுமே வேண்டாம். மாடியில் உட்கார்ந்து படம் போட வேண்டும், அவ்வளவுதான்.

"நாலு எடத்துல கால வச்சா எதுவும் வெளங்காது சார். ஒண்ண உருப்படியா செய்யச் சொல்லுங்க" என்றார் அம்மா.

வருடா வருடம் இதே கேள்வியோடு யாராவது வருகிறார்கள். கேன்வாஸை மட்டும் பிடித்துக்கொள்வதா, கூடவே மண், துணி என்று ஒரு கைத்தொழிலில் கை வைப்பதா, மேடை, சினிமா என்று போவதா, இல்லை வாத்தியார் வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் வரைவதா? முப்பது வருடமாக வேலூரில் இந்த நாலையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான்கிலும் சூடு பட்டிருக்கிறேன்.

பெரிய ஓவியர்களை எடுத்துக்கொண்டால், ஒரே கலையில் நின்றவர்கள் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1929-இல் சென்னை ஓவியப் பள்ளிக்கு (இன்றைய எழும்பூர் கவின் கலைக் கல்லூரிதான் அது) தலைமை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியர். ஆனால் ஊர் அறிந்தது மெரினாவில் நிற்கும் அவருடைய உழைப்பாளர் சிலையைத்தான். எஸ். தனபால் ஓவியராகத் தொடங்கிச் சிற்பியானவர், நாட்டியமும் கற்றவர். டெல்லியில் பெல்ஜியம் தூதரகத்தின் கட்டடத்தை வடிவமைத்த சதீஷ் குஜ்ரால், கட்டடக் கலைப் பட்டம் எதுவும் இல்லாத ஓவியர். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் ஜெயித்தவர்களை மட்டும் வரிசையில் நிற்க வைத்தால் எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். அதனால் முதலில் எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிடுவோம்.

எதை வைத்து அளப்பது

நான் ஐந்து கேள்வி கேட்பேன்.

காசு எப்போது வருகிறது? எவ்வளவு என்பதைவிட இதுதான் முக்கியம். வருடத்துக்கு ஒரு தடவை லட்சம் வருவதும், மாதா மாதம் எட்டாயிரம் வருவதும் கணக்கில் ஏறக்குறைய ஒன்று. மளிகைக் கடைக்காரருக்கு ஒன்றல்ல.

எந்தப் பொழுதை அது எடுத்துக்கொள்கிறது? காலை வெளிச்சத்தையா, சாயங்காலத்தையா?

எவ்வளவு முதல், எவ்வளவு இடம்?

கடைசியில் வேலை யார் பெயரில் நிற்கிறது? உரிமை யாருக்கு?

ஐந்தாவது: அந்த இரண்டாவது கலை என் ஓவியத்துக்கு எதைத் திருப்பிக் கொடுக்கிறது? மற்ற நாலையும் சேர்த்தாலும் இது ஒன்றுக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன். சம்பளம் கொடுத்துவிட்டுக் கையை மழுங்கடிக்கிற வேலை இருக்கிறது. சம்பளமே கொடுக்காமல் கண்ணைத் திறந்துவிடுகிற வேலையும் இருக்கிறது.

ஒன்று: கேன்வாஸ் மட்டும்

கேட்க அழகாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படம் 20,000 ரூபாய்க்குச் சென்னையில் ஒரு கேலரியில் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலரியின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை போகும். பாதி என்றே வைப்போம், மீதி 10,000. கேன்வாஸ், வண்ணம், ஃப்ரேம், பேக்கிங், காட்பாடியிலிருந்து கொண்டுபோன வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு 5,000. மிச்சம் 5,000. இது விற்ற படத்தின் கணக்கு. கூடவே போன பதினொரு படங்கள் விற்காமல் திரும்பி வருமே, அவற்றின் செலவும் இந்த 5,000-க்குள்தான் அடங்க வேண்டும்.

திரும்பி வந்த படத்தை எங்கே வைப்பது? யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு இது. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே தோல் கட்டிக்கொள்ளும். ஈரத்துணியை விரித்து அதன் மேல் வண்ணத்தை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஷீட் போட்ட மாடி அறையில் ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும். ஐப்பசி மழை வந்தால் கேன்வாஸின் பின்பக்கம் பூசணம் பூக்கும். என் படங்களில் ஆறு கரையானுக்குப் போயின. (அவற்றில் இரண்டு கரையானுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை.)

இன்னொரு மறைமுகச் செலவு, தனிமை. சென்னையில் இருப்பவன் வாரத்துக்கு ஒரு கண்காட்சிக்காவது போய் நாலு பேர் படத்தைப் பார்த்துவிடுவான். இங்கே அப்படி இல்லை. நான் பார்த்த வரை, ஓவியம் வாங்குவதற்கென்று வேலூருக்கு வருகிறவர்கள் கிடையாது, சி.எம்.சி. மருத்துவமனைக்கும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் வருகிறவர்கள்தான். இரண்டு மணி நேர ரயில் பயணம் பெரிய தூரமில்லை என்பீர்கள். ஆனால் "அடுத்த வாரம் போகலாம்" என்று நான் தள்ளிப்போட்ட கண்காட்சிகளை எண்ணினால் ஒரு ஆயுசு வரும்.

ஆனாலும் இந்த வழி சிலருக்குச் சரிதான். வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறவர்களுக்கு. எண்ணெய் வண்ணத்தில் அடுக்கு அடுக்காக, ஒவ்வொன்றும் காயும்வரை பொறுத்து வேலை செய்கிறவர்களுக்கு, ஏனென்றால் அந்த வேலைக்கு நடுவில் வேறொன்றை நுழைத்தால் இரண்டும் கெடும். கல்லூரி முடித்த முதல் இரண்டு வருடத்துக்கும் இதைச் சொல்வேன், வீடு தாங்கினால். நம் கை எப்படிப்பட்ட கை என்று தெரியாமல் அதை எந்தத் தொழிலோடு கட்டிவைப்பது?

இரண்டு: மண், துணி, தகடு

என் சாய்வு இந்தப் பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்துக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். படத்தை விற்றுப் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் காலம் தள்ளி, மீதி நேரத்தில் வரைந்தார்கள். அது வெறும் வயிற்றுப்பாட்டு ஏற்பாடாக மட்டும் நிற்கவில்லை. அங்கே இருந்த பி.வி. ஜானகிராம் ஓவியராகத் தொடங்கி, தகட்டைத் தட்டி உருவம் எழுப்பும் சிற்பியாகப் பெயர் வாங்கினார். பக்கத்துத் தொழில் முன்கட்டுக்கே வந்துவிட்டது.

ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனின் பாதை இன்னும் நீளம். சாந்திநிகேதனில் படித்து, பரோடாவில் கற்பித்தவர். 1959 முதல் 1961 வரை பம்பாயில் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். பொம்மை செய்தார், குழந்தைகளுக்குப் புத்தகம் செய்தார், லக்னோ ரவீந்திராலயாவின் சுவரில் சுடுமண் ஓடுகளால் பெரிய சித்திரம் அமைத்தார். அவர் ஓவியங்களில் உருவங்கள் துண்டு துண்டாக, கட்டம் கட்டமாக ஒட்டி நிற்பதைப் பார்த்தால் தறியும் ஓடும் பழகிய கை என்று தெரியும். ஐந்தாவது கேள்வி என்று நான் சொன்னது இதைத்தான்.

நம் பக்கத்தில் இதற்கு வசதி உண்டா என்றால், பழைய வட ஆற்காடு மாவட்டத்தைவிட வசதியான இடம் எது என்று திருப்பிக் கேட்பேன். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் மண்பாண்டம். ராணிப்பேட்டையில் பீங்கான் தொழில். ஆரணியில் பட்டு. குடியாத்தத்தில் கைத்தறி. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. துணியில் எழுதுகோலால் சாயப் படம் எழுதும் கலம்காரிக்குப் பேர்போன காளஹஸ்தியும் 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது.

காளஹஸ்தியில் நான் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் முக்கி உலர்த்தியிருப்பார்கள். பால் எதற்கென்றால், சாயம் பரவாமல் இருக்க. புளியங்குச்சிக் கரியால் லேசாக உருவம் கோடு காட்டி, அதன் மேல் மூங்கில் எழுதுகோலால் எழுதுவார்கள். முனைக்குச் சற்று மேலே கம்பளி சுற்றியிருக்கும். சாயத்தைக் குடித்து வைத்துக்கொள்வது அதுதான். விரலால் அமுக்க அமுக்க இறங்கும். மை என்பது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்ட கரைசல். கோடு விழும்போது மங்கலாக, ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடுக்காயோடு சேர்ந்து கறுக்கிறது. அழிக்க முடியாது. மேலே வெள்ளை பூசி மறைக்கவும் முடியாது. ஊருக்குத் திரும்பிய பிறகு இரண்டு மாதம் என் கேன்வாஸில் நான் ரப்பரைத் தொடவில்லை. கல்லூரியில் நாலு வருடம் சொல்லியும் வராத பழக்கம் அது.

சரி, இப்போது மறைந்திருக்கும் செலவுகள்.

முதல் பொறி, முதலீடு. என் நண்பர் ஒருவர் மண்பாண்டத்தில் இறங்கியவுடன் செய்த காரியம், கடன் வாங்கி மின்சூளை வாங்கியது. சூளை வந்து இறங்கிய பிறகுதான் அதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும் என்று தெரிந்தது. இணைப்பு வருவதற்குள் நாலு மாதம். அதற்கப்புறம் முதல் சூட்டில் பாதிப் பாண்டம் வெடித்தது. காயாத மண்ணை உள்ளே வைத்தால் அப்படித்தான். இன்றைக்கு அந்தச் சூளைக்கு மேல் அவர் வீட்டுத் துணிமணி மடித்து வைத்திருக்கிறது. பிக்காசோ 1947-இல் தெற்கு பிரான்சின் வல்லோரிஸ் என்ற குயவர் ஊருக்குப் போய் மண் வேலை தொடங்கியபோது அவர் உலகப் புகழ் பெற்ற பணக்காரர். அப்படியும் சொந்தச் சூளை கட்டிக்கொண்டு தொடங்கவில்லை. அங்கே நடந்துகொண்டிருந்த ஒரு பட்டறைக்குள் போய் உட்கார்ந்தார். சக்கரம் சுற்றவும் சூளை போடவும் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஆயிரக்கணக்கான தட்டும் ஜாடியும் அப்படி வந்தவைதான். கரிகிரிக்குப் போங்கள், பட்டறையில் ஒரு மூலை கேளுங்கள். சென்னையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்திலும் பீங்கானுக்கும் அச்சுக்கும் பட்டறைகள் உண்டு. சூளை வாங்குவதை ஐந்து வருடம் கழித்து யோசிக்கலாம்.

இரண்டாவது பொறி, "அதே மாதிரி இன்னும் நாற்பது". ஒரு ஜாடி விற்றால் வாங்கியவர் அதையேதான் மறுபடி கேட்பார். பத்தாவது ஜாடியில் கை வேகம் பிடிக்கும், இருபதாவதில் கண் தூங்கிவிடும். இதற்கு என்னிடம் ஒரு வழக்கம் உண்டு: எந்த வடிவமும் பன்னிரண்டுக்கு மேல் கிடையாது. வியாபாரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாவது, உரிமை. பலருக்குத் தெரியாத சட்டம் இது. புடவைக்கோ டைல்ஸுக்கோ நீங்கள் போட்டுக் கொடுக்கும் வடிவத்தை டிசைன் சட்டத்தில் பதிவு செய்யாமல் விட்டால், தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் அது பதிந்தவுடன் பதிப்புரிமை போய்விடும். அதற்கப்புறம் உங்கள் மயிலைப் பக்கத்துத் தெருத் தறியில் பார்த்துவிட்டுக் கத்துவதில் பிரயோஜனமில்லை. அதனால் டிசைன் வேலைக்கு மொத்தமாக ஒரு தொகையை முதலிலேயே வாங்கிவிடுங்கள். "ஓடினால் பார்த்துக்கலாம்" என்கிற பேச்சை நம்ப வேண்டாம்.

யாருக்கு இந்த வழி? கையால் தொட்டு யோசிக்கிறவர்களுக்கு. ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு. முக்கியமாக, காலை வெளிச்சத்தை ஓவியத்துக்கு வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் பட்டறைக்குப் போக முடிகிறவர்களுக்கு. உடம்பு ஒத்துழைக்காதவர்களும் யோசிக்கலாம். 1941 அறுவை சிகிச்சைக்குப் பிறகு நின்று வரைய முடியாமல் போன பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரித்து ஒட்டும் புது வழியைப் பிடித்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார்.

மூன்று: மேடை, சினிமா, பத்திரிகை, சுவர்

காசு வேகமாக வரும் வழி. பெயர் வேகமாகப் போகும் வழியும் இதுதான்.

கோவில்பட்டி சி. கொண்டையராஜுவை நவீன ஓவியர் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் பல கலைகளில் பிழைப்பது எப்படி என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் இல்லை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். நம் திருவண்ணாமலைக்கு வந்து ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதினார். கோவில்பட்டியில் தங்கி ஸ்டுடியோ வைத்தார். கடைசியில் சிவகாசியில் அச்சான சாமிப் பட காலண்டர்கள் வழியாகத் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஏறினார். நாடகம் படுத்தபோது ஸ்டுடியோ, அப்புறம் காலண்டர் என்று ஒரு கிளை முறிவதற்குள் அடுத்ததைப் பிடித்தார்.

சினிமாவில் பி. கிருஷ்ணமூர்த்தியும் தோட்டா தரணியும் ஓவியம் படித்துக் கலை இயக்கத்துக்குப் போனவர்கள். இருவரும் தேசிய விருது பெற்றவர்கள். பம்பாயின் தாராவிக் குடிசைப் பகுதியைச் சென்னையில் ஒரு ஸ்டுடியோவுக்குள் எழுப்பிக் காட்டினார் தரணி. அதே சமயம் ஓவியக் கண்காட்சிகளையும் விடவில்லை. ஆனால் உதவியாளாகப் போகிற பையன் தரணி இல்லை. செட் வேலைக்குப் பகல் இரவு கிடையாது. ஷூட்டிங் முடிந்தால் இரண்டு மாத உழைப்பை ஒரே நாளில் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். பாக்கிச் சம்பளத்துக்கு நடக்கிற நடை தனி. அந்த மூன்று நாலு வருடங்களில் சொந்தமாக ஒரு படம்கூட வரையாதவர்களை எனக்குத் தெரியும். ஓவியத்துக்குத் திரும்பி வருவது பெரிய அளவைக் கையாளும் தைரியம். இருபது அடிச் சுவரைப் பார்த்துப் பயப்படாத கை கிடைக்கும், அது லேசுப்பட்டதல்ல.

பத்திரிகைப் படம் வேறு மாதிரி. கே.எம். ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களை அறியாதவர்கள் குறைவு. சிறுபத்திரிகைகளுக்கும் கி. ராஜநாராயணன் எழுத்துக்கும் அவர் போட்ட கோடுகளால் ஓவியக் கூடத்துப் பக்கமே போகாத வாசகனுக்கும் நவீன ஓவியம் பழகியது. அதே மனிதர் கேன்வாஸில் கோட்டை விட்டு முழுக்க வண்ணத்துக்குப் போனார். கறுப்பு வெள்ளைத் தாகம் பத்திரிகையிலேயே தீர்ந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். ஓவியர் ட்ராட்ஸ்கி மருது, அட்டைப்படம், சினிமா, அனிமேஷன் என்று போனார். கணினி வந்தபோது அதைப் பார்த்து முகம் சுளிக்காதவர். இந்த வேலையில் காசு குறைவு. ஆனால் மேசையில் ஒரு மூலை போதும், கையெழுத்து உங்களுடையது, முடித்துக் கொடுக்கும் தேதி ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் கை துருப்பிடிக்காது.

ஓவியர் எம்.எஃப். ஹுசைனை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பம்பாயில் சினிமா பேனர் எழுதினார், பொம்மையும் குழந்தைகள் மேசை நாற்காலியும் வடிவமைத்தார், 1967-இல் அவர் எடுத்த குறும்படம் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். பேனரும் பொம்மையும் வயிற்றுக்காக, பெயர் வருவதற்கு முன்னால். சினிமா, பெயர் வந்த பிறகு, ஆசைக்காக. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, பெயரும் வராமல் ஆசைக்கும் செலவு செய்தால் வீட்டை அடகு வைக்க வேண்டி வரும்.

வேலூரில் இந்த வகையில் ஒரு விசேஷம் உண்டு. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை என்று எங்கே பார்த்தாலும், வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக, வங்காளி எழுத்துப் பலகைகள். நான் வேலை பழகிய ஆர்ட்ஸ் கடையில் ஒரு அண்ணன் இருந்தார். வங்காளத்தில் ஒரு வார்த்தை பேசத் தெரியாது. லாட்ஜில் தங்கியிருந்த ஒரு நோயாளியின் மகனிடம் எழுத்துகளை வாங்கி, நோட்டில் நூறு தடவை எழுதிப் பழகிப் பலகை எழுதினார். மேலே ஒரு கோட்டை இழுத்து அதிலிருந்து எழுத்துகளைத் தொங்கவிடுவார், கொடியில் துணி காயப்போடுவது போல. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போயிற்று. அந்த அண்ணன் இப்போது வரைகிற படங்களில் தலைக்கு மேல் எப்போதும் ஒரு கோடு ஓடும். ஏன் என்று கேட்டால் "சும்மா" என்பார்.

சுவர் ஓவியத்தில் நான் வாங்கிய அடி இது. ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கப் பாலாற்றங்கரையை வரைந்தேன். இருபத்திரண்டு நாள். காசு ஒழுங்காகக் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. மூன்று வருடம் கழித்து ஒரு வளைகாப்புக்குப் போனால் சுவரில் பாலாறு இல்லை. பிளாஸ்டிக் புல் ஒட்டி நடுவில் விளக்குப் போட்ட இதயம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் இருப்பதாக அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். படைப்பைச் சிதைத்து ஓவியனின் மதிப்பைக் கெடுக்கக் கூடாது என்கிற உரிமை மட்டும் நம்மிடம் தங்கும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லியில் விஞ்ஞான் பவன் என்ற அரசு மாநாட்டு மண்டபத்தில் அமைத்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிப் போட்டார்கள். அவர் 1992-இல் வழக்குப் போட்டு 2005-இல் ஜெயித்தார். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்து ஐந்து லட்ச ரூபாயும் கொடுக்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். பதின்மூன்று வருடம் வழக்கு நடத்த நம்மால் ஆகாது. ஆனால் அரைப் பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதலாம்: பதிப்புரிமை எனக்கு, அழிப்பதானால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், படம் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். அதற்கப்புறம் எந்தச் சுவரையும் நான் அது இல்லாமல் தொடவில்லை.

கூட்டத்தோடு வேலை செய்யப் பிடிக்கிறவர்கள், இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள், குடும்பப் பாரம் இன்னும் தோளில் ஏறாதவர்கள் இந்தப் பக்கம் போகலாம். சினிமாவுக்குப் போனால் திரும்பி வரும் தேதியை முதலிலேயே காலண்டரில் குறித்துவிட்டுப் போக வேண்டும்.

நான்கு: டிராயிங் மாஸ்டர்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. பணிக்கர், தனபால், நம் திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் எல்லோரும் கல்லூரியில் கற்பித்தவர்கள், முதல்வர்களாக இருந்தவர்கள். ஆனால் ஓவியக் கல்லூரி ஆசிரியர் வேலை வேறு. லோயர், ஹையர் என்கிற அரசு ஓவியத் தேர்வுகளை முடித்து, டி.டி.சி. என்கிற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிப் பள்ளிக்குப் போவது வேறு. அரசுப் பள்ளிகளில் 2012-இல் பகுதி நேர ஓவிய ஆசிரியர்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு கூட்டினார்கள், ஆனாலும் அதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியாது. நிரந்தர வேலை கிடைத்தால் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

மறைமுகச் செலவு, ஓசி வேலை. ஆண்டு விழா மேடை, சுதந்திர தினத் தோரணம், தலைமை ஆசிரியர் அறைக்குத் திருவள்ளுவர், அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை. எல்லாம் "சார், நீங்கதானே ஆர்ட்டு" என்று வரும். அதைவிடப் பெரியது, ஒரு நாளைக்கு இருநூறு மாம்பழம் திருத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் கை மாம்பழத்தைத்தான் வரையும்.

அதனால் கலையோடு சம்பந்தமே இல்லாத வேலை சில சமயம் மேல். மதுரையைப் பேனாவால் வரைந்த மனோகர் தேவதாஸ் பேட்டரி கம்பெனியில் வேதியியலாளர். சம்பளம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். அந்தக் கை பகலில் யாருக்கும் எதையும் வரைந்து கொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குப் புதிதாக இருந்தது.

ஒரே பார்வையில்

| வழி | காசு | எடுக்கும் பொழுது | முதல், இடம் | பெயரும் உரிமையும் | ஓவியத்துக்குத் திரும்புவது |
|---|---|---|---|---|---|
| கேன்வாஸ் மட்டும் | எப்போதாவது, மொத்தமாக | முழு நாள் | சேமித்து வைக்க இடம் | முழுக்க உங்களுடையது | ஆழம். கூடவே தனிமை |
| மண், துணி, தகடு | சிறிது சிறிதாக, சீசனில் அதிகம் | அரை நாள் | பட்டறை வாடகை. சூளை வாங்கினால் கடன் | டிசைன் பதியாவிட்டால் போச்சு | நிறைய |
| சினிமா, மேடை | வேகமாக. பாக்கி இழுக்கும் | பகலும் இரவும் | ஒன்றுமில்லை | பெரும்பாலும் வேறொருவருக்கு | பெரிய அளவின் தைரியம் |
| பத்திரிகை, அட்டை | குறைவு, அடிக்கடி | சாயங்காலம் | மேசை மூலை | கையெழுத்து உங்களுடையது | கோடு கூர்மையாகும் |
| ஆசிரியர் வேலை | மாதா மாதம் | பகல் வெளிச்சம் | ஒன்றுமில்லை | இந்தக் கேள்வியே எழாது | ஆளைப் பொறுத்தது |

இரண்டை ஒன்றாகச் செய்வதானால் ஒன்று காசுக்கு, ஒன்று கண்ணுக்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது. கேன்வாஸும் பத்திரிகைப் படமும் சண்டை போடாமல் ஒரே வீட்டில் இருக்கும். கேன்வாஸும் பட்டறையும் இருக்கும், வாரத்தைப் பங்கு பிரித்தால். கேன்வாஸும் சினிமாவும் ஒரே வருடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடமும் சாயங்கால டியூஷனும் சேர்த்துச் செய்கிறவர்கள் தயவுசெய்து தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொண்டு வருத்தப்பட வேண்டாம். நல்ல ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு சந்தோஷப்படலாம்.

குடியாத்தத்துப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். தறிக்காரரிடம் போகச் சொன்னேன், மூன்று நிபந்தனையோடு. திங்கள் முதல் வியாழன் வரைதான் வேலை. ஒவ்வொரு டிசைனுக்கும் கையில் காசு, "ஓடினால் பார்த்துக்கலாம்" கிடையாது. மாதம் ஒரு நாள் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்து, தான் போட்ட வடிவம் நூலாகும்போது எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். தறிக்காரர் முதல் இரண்டுக்குச் சரி என்றாராம். மூன்றாவதற்கு, "டிசைன் போடுற ஆளுக்குத் தறிக் குழில இன்னா வேல?" என்று கேட்டாராம். ஆனாலும் உட்கார விட்டிருக்கிறார். வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை பையன் மாடியில்.

அம்மா போன வாரம் போன் செய்தார். வெள்ளிக்கிழமை அவன் வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் வேலை போய்விட்டதா என்று கேட்கிறார்களாம்.